பெர்கின்ஸ் அம்மையாரின் சட்டம் தோட்டத்து ஆட்களுக்கும் கிடைத்ததா?

சரி, அடுத்த கேள்வி ஏற்காட்டில் இருந்து. ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அக்கா, அமெரிக்காவில் கேபினட் அமைச்சரான முதல் பெண் பிரான்சிஸ் பெர்கின்ஸ் பற்றிப் போன வீடியோவில் சொன்னீங்க. தீ விபத்தைப் பார்த்த பிறகுதான் அவர் தொழிலாளர் பக்கம் வந்தாரா? எங்க அம்மா காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவங்க. அந்த ஓய்வூதியச் சட்டத்தில் அம்மா மாதிரி ஆட்களும் இருந்தாங்களா?"

தீ விபத்துக்கு முன்னாடியே வந்துவிட்டார். 1910லேயே நியூயார்க்கில் ஒரு நுகர்வோர் அமைப்பில் சேர்ந்து, பெண்களுக்கு வாரம் 54 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று சட்டசபை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். 1911 மார்ச் 25, சனிக்கிழமை, தோழி வீட்டில் இருந்தபோது தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறார், எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது மாடியில் இருந்த டிரையாங்கிள் சட்டை கம்பெனி எரிகிறது, ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டுகிறது, பிள்ளைகள் ஜன்னலில் இருந்து குதிக்கிறார்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கத்துப் படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் வயசுப் பிள்ளைகள்.

அந்தக் கதவை ஏன் பூட்டினார்கள் தெரியுமா? எல்லாரும் ஒரே வழியாக வெளியே வந்தால்தான் கைப்பையைச் சோதிக்க வசதி. நான் சேலத்தில் ஒரு தையல் யூனிட்டில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன், அங்கேயும் இரண்டு வாசலில் ஒன்று எப்போதும் பூட்டுதான், சாயங்காலம் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டுத்தான் படி இறங்குவோம். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்புறம் பெர்கின்ஸ் அம்மையார் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தொழிற்சாலைகளை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். அதில் இருந்த ராபர்ட் வாக்னர் என்ற தலைவரை ஒரு ஆலைக்குக் கூட்டிப்போய், 'தீ வந்தால் தப்பிக்கும் வழி' என்று சுவரில் விட்டிருந்த சின்ன ஓட்டை வழியாக அவரையே தவழ்ந்து போக வைத்தார். வெளியே பனி உறைந்த ஒரு ஏணி, தரைக்கு 12 அடி மேலேயே நின்றுவிடும். அதே வாக்னர்தான் 1935இல் சமூகப் பாதுகாப்பு மசோதாவை, அதாவது நீங்க கேட்ட ஓய்வூதியச் சட்டத்தை, செனட்டில் கொண்டுவந்தார், அப்போது பெர்கின்ஸ் தொழிலாளர் துறை அமைச்சர். 1933இல் இருந்து 1945 வரை 12 வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், மணிக்கு 25 சென்ட், அதுவும் அவர் காலத்தில்தான்.

இனி உங்க அம்மா விஷயம். இல்லை தங்கச்சி, 1935 சட்டத்தில் தோட்டத்து ஆட்கள் இல்லை, வீட்டு வேலை செய்கிறவர்களும் இல்லை. பெர்கின்ஸ் தலைமையில் இருந்த குழு தயாரித்த மசோதாவில் அவர்கள் இருந்தார்கள். நிதியமைச்சர் மார்கன்தா, இவர்களிடம் பணம் வசூலிப்பது கஷ்டம் என்று சொல்ல, நாடாளுமன்றக் குழு எடுத்துவிட்டது. தெற்கு மாநிலங்களில் இந்த வேலைகளில் நிறைய இருந்தது கறுப்பின மக்கள், அடி அவர்களுக்குத்தான் அதிகம். நிரந்தரமாக வேலை பார்த்த தோட்டத்து, வீட்டு வேலை ஆட்களைச் சேர்க்க 1950 ஆயிற்று. அவ்வளவு பாடுபட்ட பெர்கின்ஸ் அம்மையாரின் சட்டத்திலேயே இந்த ஓட்டை இருந்தது என்பது எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம்.

நம்ம நாட்டில் தோட்டத்துக்கென்றே 1951இல் தனிச் சட்டம் வந்தது, வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் எல்லாம் அதில் இருந்தது; 2025இல் அதைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆனால் பெயர் ஏட்டில் ஏறியிருந்தால்தானே கேட்க முடியும்? அதனால் சம்பள நாளில் அம்மாவோடு நீங்களும் போங்க. செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆட்களின் வருகைப் பதிவேட்டில், அவங்க பெயர் இருக்கிறதா, பிஎஃப் பிடிக்கிறார்களா என்று கேளுங்க. பிடித்தால் யுஏஎன் என்கிற அவங்க பிஎஃப் நம்பரை எழுதி வாங்குங்க. பெயர் இல்லை என்று சொன்னால் எத்தனை வருஷமாகப் போகிறாங்க, யார் கூட்டிப்போறாங்க என்று எழுதி எனக்கு அனுப்புங்க, அடுத்த வீடியோவில் அதையே எடுத்துப் பேசுவோம்.