கடுகுக் கிரகத்தின் காந்தம்

தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, மாட்டுங்காவிலிருந்து மழையில் நனைந்து வந்த பேராசிரியர் ஐயா அவர்களே, நாளைய இட்லிக்கு மாவரைப்பதைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்குத் தனியாக ஒரு நன்றி.

புதன் கிரகத்தின் காந்தப்புலத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அது எப்படி அணையாமல் இருக்கிறது, சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்று அதை என்ன பாடு படுத்துகிறது என்று மூன்று விஷயம் சொல்ல வந்தேன்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. புதனின் குறுக்களவு 4,880 கிலோமீட்டர்தான். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 59 நாள். உள்ளே எப்போதோ ஆறி இறுகியிருக்கும், காந்தம் ஏது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1974 மார்ச்சில் மாரினர் 10 என்ற அமெரிக்க விண்கலம் அருகே பறந்தபோது காந்தம் தென்பட்டது. அடுத்த மார்ச்சில் மறுபடி போய் உறுதிசெய்தது. பூமியின் பலத்தில் நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் புதனைவிடப் பெரிய செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இன்று கிரகம் முழுக்கப் பரவிய அப்படியொரு புலம் கிடையாது. காரம் எங்கே இருக்கிறது பாருங்கள்!

இரண்டாவது விஷயத்துக்கு என் சிறுவயதுக் கதை வேண்டும். அப்பா தாராவியில் பழைய சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். உடைந்த ஸ்பீக்கரின் வளையக் காந்தத்தை ஒருநாள் கொண்டுவந்தார். நூலில் கட்டி வாசலில் தொங்கவிட்டேன். எப்படி முறுக்கிவிட்டாலும் ஆடி ஆடி ஒரே திசையில் வந்து நிற்கும். எதிர்வீட்டு அத்தை, "ஏலே, திருஷ்டிக்கா கட்டியிருக்க?" என்பார். ஒருநாள் சண்டையில் தம்பி அதைக் கரி அடுப்பில் போட்டுவிட்டான். அம்மா இடுக்கியால் எடுத்தபோது செக்கச்செவேல் என்று இருந்தது. ஆறிய பிறகு ஒரு குண்டூசியைக்கூட அது தூக்கவில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அப்புறம் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. சூட்டில் காந்தம் செத்துப்போகும் என்றால், பூமியின் வயிற்றுக்குள் அவ்வளவு சூட்டில் அது எப்படி இருக்கிறது? ஆசிரியர் தட்டிக்கொடுத்து, "புத்தகத்தில் தேடிப் பார்" என்றார். எங்கே தேட? எங்கள் பக்கம் தமிழில் அப்படி ஒரு புத்தகம் கைக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலம் கற்று, பதினோரு ஆண்டு கழித்துத்தான் பதில் கிடைத்தது.

உள்ளே இருப்பது காந்தக் கட்டி அல்ல, உருகிய இரும்பு. அது உலைநீர்போலப் புரளும்போது மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம்தான் காந்தத்தை ஓயாமல் புதுப்பிக்கிறது. அவித்த முட்டையும் அவிக்காத முட்டையும் சுழற்றினால் வேறுவேறாக ஆடும் அல்லவா? அதேபோலப் புதன் சுழலும்போது காட்டும் ஆட்டத்தை ரேடாரால் அளந்து, அதன் நடுக்கருவின் வெளிப்பகுதி இன்னும் உருகித்தான் இருக்கிறது என்று 2007இல் சொன்னார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இந்த மும்பைக்கும் காந்தத்துக்கும் பழைய சொந்தம் உண்டு. கொலாபாவில் 1841 முதல் பூமியின் காந்தத்தை அளந்தார்கள். 1859 செப்டம்பரில் அடித்த பெரிய சூரியப் புயல் அங்கே பதிவாகியிருக்கிறது. அதை நம் பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள்? அதனால்தான் நான்கு ஆண்டுகளாக ஒரே கோரிக்கையோடு அலைகிறேன்: தமிழ் அறிவியல் நூல்கள் வைக்க ஓர் அறை. பள்ளி முடிந்ததும் பூட்டிக் கிடக்கும் வகுப்பறை ஒன்று போதும்.

சூரியக் காற்றுக்கு நேரமில்லை. ஐரோப்பாவும் ஜப்பானும் 2018இல் அனுப்பிய பெபிகொலம்போ விண்கலம், 2026 நவம்பரில் புதனைச் சேரும் திட்டம். அதற்குள் அந்த அறை திறக்க வேண்டும். உறுப்பினர் அவர்களே, மனு இதோ, என் கையிலேயே இருக்கிறது.