அரிஸ்டோபனீஸ் ஏதென்ஸுக்கு நன்மையே செய்தார்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸின் நாடகக் கவிஞர் அரிஸ்டோபனீஸ். அவரது நகைச்சுவை நாடகங்கள் ஏதென்ஸுக்கு நன்மை செய்தனவா, தீமை செய்தனவா என்பது இன்றைய கேள்வி. நன்மையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் இரண்டு குற்றம் சொன்னார். ஏதென்ஸின் செல்வாக்குமிக்க அரசியல் தலைவர் கிளியோனை மேடையில் கிழித்தும் ஒரு பயனும் இல்லையாம். சாக்ரடீஸின் சாவுக்கும் இவர்தான் காரணமாம்.

முதலில் கிளியோன். கி.மு. 426இல் அரிஸ்டோபனீஸின் 'பாபிலோனியர்கள்' நாடகம் அரங்கேறியது. அயலூர்க்காரர்கள் முன்னால் நகரத்தை அவமதித்துவிட்டதாகப் புகார் கொடுத்தார் கிளியோன். கவிஞருக்கு அப்போது இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். பயந்தாரா? அடுத்த ஆண்டே 'அகார்னியர்கள்'. ஊரே ஸ்பார்ட்டாவோடு போரிடும்போது, ஒரு விவசாயி தன் குடும்பத்துக்கு மட்டும் சமாதானம் வாங்கிக்கொள்கிறான். எதிரி பக்கமும் நியாயம் உண்டு என்று, வெட்டும் கட்டையில் தலையை வைத்துக்கொண்டு பேசுகிறான்.

அதில் ஒரு காட்சி. ஏதென்ஸ் போட்ட வணிகத் தடையால் பட்டினி கிடக்கும் மெகாரா ஊர்க்காரன் ஒருவன், பெற்ற பெண்கள் இருவரையும் பன்றிக்குட்டிகள் என்று சொல்லி விற்க வருகிறான். ஒருத்திக்கு விலை ஒரு கட்டுப் பூண்டு, இன்னொருத்திக்கு ஒரு படி உப்பு. உப்புக்கும் பூண்டுக்கும் பேர்போன ஊரே அந்த மெகாராதான், நடுவர் அவர்களே! அந்த ஊர்க்காரன் அவற்றுக்காகப் பிள்ளையை விற்கிறான். சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தொண்டை அடைத்திருக்காதா? எதிரி வீட்டுப் பசியை, போர் நடக்கும்போதே சொந்த மக்களுக்குக் காட்டினார். அந்த மக்களும் முதல் பரிசு கொடுத்தார்கள்.

அப்புறம் 424இல் 'குதிரைவீரர்கள்'. ஸ்பாக்டீரியா தீவில் ஸ்பார்ட்டா வீரர்களைச் சிறைபிடித்து வந்த கிளியோன் புகழின் உச்சியில் இருந்த நேரம். அரங்கில் முன்வரிசை இருக்கை அவருக்கு நகரம் தந்த மரியாதை. அப்படிப்பட்டவரை, எஜமானனை ஏமாற்றும் அடிமையாக மேடையில் நிறுத்தினார். இதற்கும் முதல் பரிசு. சில வாரங்களில் அதே மக்கள் கிளியோனைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள், உண்மைதான். ஆனால் ஒருவரைத் தேர்தலில் வீழ்த்துவதா நாடகக்காரரின் வேலை? எவ்வளவு பெரிய ஆளையும் ஊர் நடுவில் நிறுத்திக் கேட்கலாம் என்று காட்டினார். அதைத்தான் பயன் என்கிறேன்.

சரி, சாக்ரடீஸ். 'மேகங்கள்' நாடகத்தில் அவரைக் கூடையில் தொங்கவிட்டதும், பொய்யை மெய்யாக்கும் வாதத்தைக் கற்றுத் தருபவராகக் காட்டியதும் நியாயமில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். மரண தண்டனையில் முடிந்த தன் விசாரணையில் சாக்ரடீஸே இந்த நாடகத்தைக் குறிப்பிட்டதாக பிளேட்டோ எழுதுகிறார். ஆனால் நாடகம் வந்தது 423இல், போட்டியில் கடைசி இடம். விசாரணை 399இல். வழக்குப் போட்டது மெலிட்டஸும் அவர் கூட்டாளிகளும். நடுவில் 24 ஆண்டுகள், ஸ்பார்ட்டாவிடம் ஒரு பெரும் தோல்வி, அதன்பின் ஆட்சியைப் பிடித்த முப்பது பேரின் கொடுங்கோல். இத்தனையையும் தாண்டி ஒரு நாடகத்தின் மேல் கொலைப்பழி போடலாமா? சாக்ரடீஸின் சாவால் மனம் உடைந்த சீடர் பிளேட்டோ. அவரே தன் 'விருந்து' உரையாடலில் அரிஸ்டோபனீஸைக் குருவோடு ஒரே விருந்தில் உட்கார வைக்கிறார். விடியும்வரை பேசிக்கொண்டிருக்கும் மூவரில் இவர்கள் இருவர்.

நண்பர் தொடாமல் விட்ட நாடகம் 'தவளைகள்', கி.மு. 405. ஆர்கினூசே கடற்போரில் துடுப்புப் போட்ட அடிமைகளுக்கு நகரம் குடியுரிமை கொடுத்திருந்தது. அது நல்ல காரியம் என்கிறது நாடகத்தின் பாடற்குழு. ஆனால், தந்தை காலத்திலிருந்து நமக்காகக் கடலில் போரிட்டு, மக்களாட்சியைக் கவிழ்த்த 411ஆம் ஆண்டுக் கலகத்தில் தவறிப்போய் உரிமை இழந்தவர்களையும் மன்னியுங்கள் என்று கேட்கிறது. இந்தப் பகுதிக்காகவே நாடகத்தை மறுபடியும் மேடையேற்றினார்கள் என்று பழைய குறிப்பு சொல்கிறது. அந்த ஆண்டே கப்பற்படை அழிந்து நகரம் தத்தளித்தபோது, பாட்ரோக்ளெய்டீஸ் கொண்டுவந்த தீர்மானத்தால் உரிமை இழந்த பலருக்கு அது திரும்பக் கிடைத்தது. மேடையில் கேட்டது சட்டமானது. இதையும் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.