நூல் பொதுவில் இருக்கட்டும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் வேலையைக் கஷ்டமாக்கிவிட்ட உயிரியல் பேராசிரியர் அவர்களே, இந்தக் கூட்டம் நடக்கக் காரணமான நூலகக் குழுச் செயலாளர் அம்மா அவர்களே, பெரியோர்களே, கடைசி வரிசையை விட்டு வர மறுக்கும் மாணவ நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பேச்சின் நடுவில் சேர்த்துவிடுகிறேன்.

தலைவர் என்னை "மரபணு அறிஞர்" என்று அறிமுகப்படுத்தினார். அவருடைய அன்புக்கு நன்றி. ஆனால் நான் சோதனைக்குழாயைத் தொட்டு வெகுகாலம் ஆகிறது. மற்றவர்கள் பொதுவில் போட்டுவைத்த டிஎன்ஏ வரிசைகளை, அதாவது உயிர்களின் மரபுச் செய்தியை எழுதிவைத்திருக்கும் எழுத்துத்தொடர்களை, எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிற ஆள் நான். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

இன்று மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, உயிர்களுக்குள் இருக்கும் உறவு. இரண்டு, வெளியிலிருந்து வந்து சேர்ந்த மரபணுக்கள். மூன்று, வெங்காயம். ஆமாம், வெங்காயம்தான். மனிதனுக்கு இருப்பதைப்போல ஐந்து மடங்கு டிஎன்ஏ அதற்கு இருக்கிறது. ஏன் என்பது சுவாரசியமான கதை, வருகிறேன்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. இந்தப் பழமொழியை நான் எந்த மேடையிலும் விட்டதில்லை, இங்கேயும் விடப்போவதில்லை. முன்பெல்லாம் நாம் சேலையைப் பார்த்துத்தான் உறவு சொன்னோம்: எலும்பு, பல், இறகு, பூ. நூலையே, அதாவது டிஎன்ஏவையே, எடுத்துப் படிக்கும் வித்தை 1977ல் கைகூடியது. ஃபிரெடரிக் சாங்கர் குழுவினர் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் சுமார் 5,400 எழுத்துகளையும் அந்த ஆண்டு படித்துக் காட்டினார்கள். 1995ல் ஒரு பாக்டீரியா, சுமார் 18 லட்சம் எழுத்துகள். அப்புறம் ஈஸ்ட், புழு, பழ ஈ என்று போய், 300 கோடி எழுத்துகள் கொண்ட மனித மரபணுத்தொகுதியின், அதாவது மனிதனின் மொத்த டிஎன்ஏவின், வேலை 2003ல் முடிந்ததாக அறிவித்தார்கள். விடுபட்ட இடங்களை நிரப்ப 2022 வரை ஆயிற்று.

சரி, படித்துவிட்டோம். என்ன தெரிந்தது? ஒரே ஓர் உயிரியின் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் பரிணாமத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும். வைட்டமின் சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாலூட்டிகள் அதைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு முடியாது. ஆனால் அதைத் தயாரிக்கும் கடைசிப் படிக்கான மரபணு நம்மிடம் இன்னும் இருக்கிறது, உடைந்துபோய்! சிம்பன்சியிடமும் அது உடைந்துதான் கிடக்கிறது, பல இடங்களில் நம்முடையதைப் போலவே. கினிப்பன்றியிடமும் உடைந்திருக்கிறது, ஆனால் வேறு விதமாக. இரண்டு பேர் ஒரே தேர்வில் ஒரே தவறுகளைச் செய்தால் ஆசிரியர் என்ன நினைப்பார்? மாணவ நண்பர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாமும் சிம்பன்சியும் அந்தத் தவறை ஒரே முன்னோரிடமிருந்து வாங்கியிருக்கிறோம்.

பல்லே இல்லாத பறவைகளிடம் பல்லின் எனாமலை உண்டாக்கும் மரபணுக்களின் மிச்சம் இருக்கிறது. 2014ல் 48 பறவை இனங்களை ஒப்பிட்டவர்கள், அது கெட்டுப்போனது ஏறத்தாழ 11.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று கணக்கிட்டார்கள். குரங்கினங்களில் நமக்கு மிக நெருங்கியவற்றுக்கு 24 ஜோடி குரோமோசோம், அதாவது டிஎன்ஏ சுருண்டிருக்கும் பொதிகள், நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போயிற்று? நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவில், நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய எழுத்துத்தொடர் கிடக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்ட தழும்பு அது. தாயைப் போல பிள்ளை!

ஆனால் பழமொழி தோற்கும் இடமும் உண்டு. நம் டிஎன்ஏவில் சுமார் 8 சதவீதம் பழைய வைரஸ்கள் நுழைந்து தங்கிவிட்டுப்போன மிச்சம். நஞ்சுக்கொடி உருவாகத் தேவையான சின்சிட்டின் என்ற புரதத்தின் மரபணு அப்படி வந்ததுதான். நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தோடு நம் முன்னோர் கலந்ததையும் இங்கேதான் சொல்ல வேண்டும், ஸ்வாந்தே பேபோ என்ற மரபியலாளருக்கு 2022ல் நோபல் வாங்கித்தந்த வேலை அது. பேராசிரியர் அதை விரிவாகச் சொல்லிவிட்டதால் நான் தாண்டிப்போகிறேன்.

ஏனென்றால் ஜிம் கென்ட் கதையைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது. 2000ஆம் ஆண்டு. மனித டிஎன்ஏவை யார் முதலில் படித்து முடிப்பது என்று போட்டி. ஒரு பக்கம் பல நாடுகள் சேர்ந்து நடத்திய பொதுத் திட்டம், இன்னொரு பக்கம் செலேரா என்ற தனியார் நிறுவனம். பொதுத் திட்டத்திடம் லட்சக்கணக்கில் துண்டுகள் இருந்தன, எது முன், எது பின் என்று அடுக்கிக் கொடுக்கும் கணினி நிரல் இல்லை. சாண்டா குரூஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாஸ்லர் என்ற பேராசிரியர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு மாணவர், அவர்தான் கென்ட். மாணவர் என்றால் நாற்பது வயது மாணவர்! கம்ப்யூட்டர் அனிமேஷன் நிரல் எழுதிப் பிழைத்தவர், அதை விட்டுவிட்டு உயிரியல் படிக்க வந்தவர். தனியார் முந்திக்கொண்டால் மரபணுக்களுக்குக் காப்புரிமை வாங்கிப் பூட்டிவிடுவார்களே என்பது அவருடைய கவலை. "நான் எழுதுகிறேன்" என்று உட்கார்ந்தார். வீட்டு காரேஜில். ஏறத்தாழ நான்கு வாரம். தட்டித் தட்டி மணிக்கட்டு வலித்தது, இரவில் ஐஸ் வைத்துக்கொண்டார், மறுபடி தட்டினார். ஜூன் 22, மனித மரபணுத்தொகுதியின் முதல் கோர்வை தயார். செலேரா முடித்தது அதற்கு மூன்று நாள் கழித்து. ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகையில் விழா, கைகுலுக்கல், கேமரா. ஜூலை 7 அன்று ஹாஸ்லரும் கென்ட்டும் மொத்தத்தையும் இணையத்தில் வைத்தார்கள். கட்டணம் கிடையாது, நிபந்தனை கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கைதட்டுங்கள், அவருக்குத்தான்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருடைய பொறுமைக்கு நன்றி. விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் சொன்ன வைட்டமின் சி, பறவைப் பல், இரண்டாம் குரோமோசோம் எல்லாமே ஒப்பிட்டதால் தெரிந்தவை. ஒப்பிட முடிந்தது, வரிசைகள் பொதுவில் இருந்ததால். படித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும் என்று 1996ல் பெர்முடாவில் கூடிய விஞ்ஞானிகள் முடிவெடுத்தார்கள். 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் சுமார் 30,000 எழுத்துகள் இணையத்துக்கு வந்தன, சில நாட்களிலேயே தடுப்பூசி வடிவமைப்பு தொடங்கிவிட்டது. இன்னும் சிலர் கட்டுரை வெளிவரட்டும், காப்புரிமை கிடைக்கட்டும் என்று வரிசையைப் பெட்டிக்குள் வைத்துக் காத்திருக்கிறார்கள். நூலை ஒளித்துவைத்துக்கொண்டு சேலையை மட்டும் காட்டினால் நான் எதைச் சரிபார்ப்பது? உயிர்வளம் மிகுந்த நாடுகள், தங்கள் உயிர்களின் வரிசையால் வரும் லாபத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்பது நியாயம். அதைப் பணமாகக் கொடுங்கள், பூட்டாக வேண்டாம்.

வெங்காயம் பாக்கி இருக்கிறது, தெரியும். இன்னொரு கூட்டத்துக்கு அழையுங்கள்.

வாசல் மேசையில் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறோம். பொதுப்பணத்தில் படிக்கப்படும் எந்த உயிரியின் வரிசையும் படித்த உடனே பொதுத் தரவுத்தளத்துக்கு வர வேண்டும் என்பது அதன் ஒரே வரி. துணைவேந்தர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டால் மற்றவர்களுக்கு வசதியாக இருக்கும். பேனாவை நூலகச் செயலாளர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.