தாய்ப்பால் குடிச்சா ஐக்யூ ஏறுமா? பெலாரஸ்ல 16 வருஷம் நடந்த ஆராய்ச்சி

என் அக்காவுக்கு எட்டாம் மாசத்துலயே குழந்தை பிறந்துடுச்சு. ஒன்றரை கிலோ கூட இல்ல. கண்ணாடி பெட்டிக்குள்ள படுத்திருக்கும், மூக்கு வழியா நூல் மாதிரி ஒரு டியூப், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நர்ஸ் வந்து சிரிஞ்சுல பால ஊத்தி மெதுவா இறங்க விடுவாங்க. அக்கா பம்ப் வச்சு அரை மணி நேரம் உக்காந்து எடுத்தாலும் பாட்டிலோட அடி நனையாது. பூண்ட பால்ல வேக வச்சு குடுத்தோம், பால்சுறா புட்டு பண்ணி குடுத்தோம், ஊறவே இல்ல. அந்த நேரத்துல பாக்க வந்த ஒரு சொந்தக்காரம்மா ரொம்ப அக்கறையா தான் சொன்னாங்க, "தாய்ப்பால் இல்லாத புள்ளைக்கு மூளை மந்தமா தான் இருக்கும், பாத்துக்க"ன்னு. அன்னைக்கு நைட்டு அக்கா தூங்கவே இல்ல.

அந்த ஒரு வாக்கியம் எங்கேருந்து வந்துச்சு, அதுக்கு பின்னாடி ஆராய்ச்சி என்ன இருக்கு, அந்த ஐக்யூவ எப்படி அளந்தாங்க, இதான் இந்த வீடியோ. கொஞ்சம் நீளமா போகும், ஆனா பொறுமையா கேளுங்க, ஏன்னா நம்பர விட அந்த நம்பர் எப்படி வந்துச்சுங்கறது தான் இங்க முக்கியம்.

(திரையில்: மணி வடிவத்துல ஒரு வளைவு, நடுவுல 100)

முதல்ல ஐக்யூன்னா என்னன்னு சட்டுனு பாத்துடலாம். தெர்மாமீட்டர் வச்சு காய்ச்சல் பாக்குற மாதிரி மூளைய நேரடியா அளக்குறது இல்ல இது. ஒரே வயசு பிள்ளைங்க நிறைய பேருக்கு ஒரே டெஸ்ட வச்சு, சராசரி எடுத்தவங்களுக்கு 100னு வச்சுக்கிட்டு, மத்தவங்க அதுக்கு எவ்ளோ மேல, எவ்ளோ கீழன்னு சொல்றது. மூணுல ரெண்டு பேர் 85க்கும் 115க்கும் நடுவுல தான் வருவாங்க. அவ்ளோதான்.

இப்போ 1992க்கு போவோம். இங்கிலாந்துல ஆலன் லூகாஸ்னு ஒரு டாக்டர், குறைமாசத்துல பிறந்த குழந்தைங்கள பத்தி லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு கட்டுரை போட்டார். 1,850 கிராமுக்கு கீழ பிறந்த 300 பிள்ளைங்க, எல்லாருக்கும் ஏழரை எட்டு வயசு ஆனதும் ஐக்யூ டெஸ்ட் வச்சாங்க. பிறந்த முதல் சில வாரத்துல அம்மாவோட பால் கிடைச்ச பிள்ளைங்க, கிடைக்காத பிள்ளைங்கள விட 8.3 பாயிண்ட் மேல இருந்தாங்க. அதுவும் அம்மாவோட படிப்பு, குடும்பத்தோட வசதி எல்லாத்தையும் கணக்குல கழிச்ச பிறகு. 8.3ங்கறது பெரிய வித்தியாசம்.

இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா, இந்த குழந்தைங்களும் டியூப் வழியா தான் பால் குடிச்சுதுங்க, என் அக்கா பொண்ணு மாதிரியே. அதனால மடியில போட்டு அணைச்சு குடுக்குற பாசத்தால வந்த வித்தியாசம்னு சொல்ல முடியாது, பால்லயே ஏதோ இருக்கணும்னு நினைச்சாங்க. பால் குடுக்கணும்னு ஆசைப்பட்டு முடியாம போன அம்மாக்களோட பிள்ளைங்களையும் தனியா பாத்தாங்க. அவங்க ஸ்கோர், குடுக்கவே வேணாம்னு முடிவு பண்ண அம்மாக்களோட பிள்ளைங்க ஸ்கோர் மாதிரியே இருந்துச்சு. என் அக்காவுக்கு அந்த சொந்தக்காரம்மா சொன்னதுக்கு இத விட ஒரு ஆதாரம் வேணுமான்னு தோணும். எனக்கும் முதல்ல படிச்சப்போ வயித்த பிசைஞ்சுது.

ஆனா ஒரு கேள்வி இருக்கு. இங்கிலாந்து, அமெரிக்கா மாதிரி நாடுகள்ல யார் நிறைய நாள் தாய்ப்பால் குடுக்குறாங்க? நல்லா படிச்சவங்க, வசதியானவங்க, லீவு கிடைக்குறவங்க. அவங்க வீட்ல புத்தகம் இருக்கும், பிள்ளையோட பேச நேரம் இருக்கும். இதெல்லாம் ஐக்யூவ ஏத்தும். அப்போ ஏத்துனது பாலா, வீடா?

2006ல ஸ்காட்லாந்துல இருந்து ஜெஃப் டெர், டேவிட் பாட்டி, இயன் டியரின்னு மூணு பேர் இத ரொம்ப நேரடியா பாத்தாங்க. அமெரிக்காவுல ஏற்கனவே சேத்து வச்சிருந்த டேட்டா, 5,475 பிள்ளைங்க, அவங்களோட 3,161 அம்மாக்கள். இதுல விசேஷம் என்னன்னா அம்மாக்களுக்கும் டெஸ்ட் ஸ்கோர் இருந்துச்சு. எதையும் கழிக்காம பாத்தா தாய்ப்பால் குடிச்ச பிள்ளைங்க நாலு பாயிண்ட்டுக்கு மேல முன்னாடி இருக்காங்க. அம்மாவோட ஐக்யூ, படிப்பு, வீட்டு சூழல் எல்லாம் கணக்குல எடுத்ததும் அது அரை பாயிண்ட் ஆயிடுச்சு. ஒரே வீட்ல ஒரு பிள்ளைக்கு குடுத்து இன்னொரு பிள்ளைக்கு குடுக்காம போன கேஸ்ல அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிங்கள ஒப்பிட்டு பாத்தாங்க, அங்கயும் தாய்ப்பாலால வந்ததுன்னு சொல்ற மாதிரி வித்தியாசம் இல்ல.

சரி, சந்தேகமே இல்லாம தெரிஞ்சுக்கணும்னா சோதனை தான் பண்ணணும், பாதி பேருக்கு குடு, பாதி பேருக்கு குடுக்காதன்னு. ஆனா பிறந்த குழந்தைக்கு தாய்ப்பால் குடுக்காதன்னு எந்த அம்மாகிட்ட சொல்ல முடியும்? அது பாவம், எந்த எதிக்ஸ் கமிட்டியும் ஒத்துக்காது.

இங்க தான் கிழக்கு ஐரோப்பாவுல இருக்குற பெலாரஸ் நாடு வருது, எனக்கு இந்த துறையிலயே ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி இது.

(திரையில்: பெலாரஸ் வரைபடம், 31 புள்ளிகள்)

கனடாவுல மக்கில் பல்கலைக்கழகத்துல இருந்த மைக்கேல் கிராமர்னு ஒரு குழந்தைகள் டாக்டர் வேற ஒரு வழிய யோசிச்சார். அம்மாக்கள பிரிக்க வேணாம், ஆஸ்பத்திரிய பிரிப்போம். அப்போ பெலாரஸ்ல பிரசவ ஆஸ்பத்திரி பழக்கமெல்லாம் மேற்கு நாடுகள்ல இருபது முப்பது வருஷம் முன்னாடி இருந்த மாதிரி இருந்துச்சு. ஆனா சுத்தமான தண்ணி, தடுப்பூசி, பக்கத்துலயே டாக்டர், மூணு வருஷம் பிரசவ லீவு எல்லாம் உண்டு. குழந்தை பிறந்ததும் கிட்டத்தட்ட எல்லா அம்மாவும் பால் குடுக்க ஆரம்பிப்பாங்க, ஆனா சீக்கிரமே நிறுத்திடுவாங்க.

31 ஆஸ்பத்திரிய குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதியிலயும், அதோட சேந்த குழந்தைகள் கிளினிக்குலயும் இருக்குற டாக்டர், நர்ஸுக்கெல்லாம் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்ற முறையில பயிற்சி. குழந்தைய அம்மா பக்கத்துலயே வைக்கணும், மணி பாக்காம பசிக்கும்போது குடுக்கணும், பால் கட்டினா காம்பு வெடிச்சா என்ன பண்ணணும், இதெல்லாம். இன்னொரு பாதி வழக்கம் போல. யாருக்கும் எதையும் மறுக்கல, ஒரு பக்கம் உதவி கூடுதல், அவ்ளோதான். 1996 ஜூன்ல இருந்து 1997 டிசம்பர் வரைக்கும் பிறந்த, நிறைமாசமா ரெண்டரை கிலோவுக்கு குறையாம இருந்த 17,046 குழந்தைங்க இதுல சேந்தாங்க.

மூணாவது மாசத்துல தாய்ப்பால் மட்டுமே குடிச்சவங்க பயிற்சி பக்கம் 43.3 சதவீதம், வழக்கமான பக்கம் 6.4 சதவீதம். நர்ஸுக்கு பயிற்சி குடுத்ததுக்கே இவ்ளோ மாற்றம்! முதல் வருஷத்துல வயித்துப்போக்கு மாதிரி குடல் தொற்று ஒரு தடவையாவது வந்த குழந்தைங்க வழக்கமான பக்கம் 13.2 சதவீதம், பயிற்சி பக்கம் 9.1 தான், கரப்பான்ங்கற தோல் நோய் 6.3, 3.3. பிறந்த குழந்தையோட ஆரோக்கியத்துக்கு தாய்ப்பால் என்ன பண்ணுதுங்கறதுக்கு ரொம்ப கெட்டியான ஆதாரம் இது.

இப்போ ஐக்யூ. பிள்ளைங்களுக்கு ஆறரை வயசு ஆனப்போ 13,889 பேர கூப்பிட்டு டெஸ்ட் வச்சாங்க. 2008ல ரிசல்ட் வந்துச்சு. பயிற்சி பக்கத்து பிள்ளைங்க வார்த்தை சம்பந்தப்பட்ட பகுதியில 7.5 பாயிண்ட் மேல, வடிவம் சம்பந்தப்பட்ட பகுதியில 2.9 மேல, மொத்தமா 5.9. டீச்சர்ங்க குடுத்த மார்க்லயும் வாசிப்பு எழுத்துல அந்த பக்கம் தான் மேல. தாய்ப்பால் ஐக்யூவ ஏத்துதுன்னு உலகம் பூரா நியூஸ் ஆயிடுச்சு.

இங்க கொஞ்சம் நிதானிப்போம். அந்த டெஸ்ட் எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க. ஒரு சின்ன ரூம், மேஜைக்கு இந்த பக்கம் ஆறு வயசு பிள்ளை, அந்த பக்கம் அது வழக்கமா காய்ச்சலுக்கு போற கிளினிக்கோட குழந்தைகள் டாக்டர். சிவப்பு வெள்ளை கட்டைய குடுத்து படத்துல இருக்குற மாதிரி அடுக்கச் சொல்றாங்க, கையில ஸ்டாப்வாட்ச். இதுல டாக்டர் இழுக்கவோ தள்ளவோ ரொம்ப இடம் இல்ல, சரியா அடுக்கிச்சா, எத்தன செகண்ட், முடிஞ்சுது. அடுத்தது வார்த்தை. மாதிரிக்கு நானே ஒண்ணு சொல்றேன், "குடைன்னா என்ன?" பிள்ளை "மழை"ன்னு மட்டும் சொல்லுது. இதுக்கு எத்தன மார்க்? கொஞ்சம் நேரம் குடுத்து "இன்னும் சொல்லு கண்ணு"ன்னு சிரிச்சா "மழைல நனையாம இருக்க புடிச்சுக்குறது"ன்னு முழுசா வந்துடும். டாக்டர் சிரிக்கலன்னா வராது.

அந்த டாக்டருக்கு தன் கிளினிக் எந்த பக்கத்துல இருக்குன்னு தெரியும். தெரியாம வைக்க வழியே இல்ல, ஏன்னா பயிற்சி எடுத்ததுல அவங்க கிளினிக்கும் உண்டு. யாரும் ஏமாத்தினாங்கன்னு நான் சொல்லல, மனசுல ஒரு எதிர்பார்ப்பு இருந்தாலே பேனா லேசா ஒரு பக்கம் சாயும். வித்தியாசம் எங்க பெருசா வந்துச்சு பாருங்க, சரியா அந்த வார்த்தை பகுதியில தான்.

இன்னொண்ணு, 13,889 பிள்ளைங்கன்னு சொன்னாலும் குலுக்கல் போட்டது 31 ஆஸ்பத்திரிக்கு தான், டாக்டருக்கு டாக்டர் மார்க் போடுற கை வேற வேற. அதனால அந்த 5.9ஐ சுத்தி நிச்சயமின்மை ரொம்ப அகலம், மைனஸ் 1.0ல இருந்து 12.8 வரைக்கும். அதாவது மொத்த ஐக்யூவுல வித்தியாசமே இல்லாம கூட இருக்கலாம். நியூஸ் தலைப்புல 5.9 மட்டும் வந்துச்சு, பின்னாடி இருந்த இந்த அகலம் வரல.

கிராமர் குழு இத மூடி மறைக்கல, அவங்க கட்டுரையிலயே இந்த பலவீனத்த எழுதியிருந்தாங்க. முதல் டெஸ்ட் முடிஞ்சு கிட்டத்தட்ட பத்து வருஷம் கழிச்சு, பிள்ளைங்களுக்கு 16 வயசு ஆனப்போ 13,557 பேர திரும்ப கூப்பிட்டாங்க. இந்த தடவ மேஜைக்கு அந்த பக்கம் டாக்டர் மார்க் போடல, பிள்ளைங்களே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பண்ற டெஸ்ட். ஞாபகம், கவனம், வேகம்னு பல பகுதி. 2018ல ரிசல்ட் வந்துச்சு. வார்த்தை பகுதியில மட்டும் 1.4 பாயிண்ட். மத்த எதுலயும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல.

அதுக்காக கதை முடிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். பிரேசில்ல பெலோட்டாஸ்னு ஒரு ஊர்ல சீசர் விக்டோரா குழு 1982ல பிறந்தவங்கள 30 வயசு வரைக்கும் பின்தொடர்ந்தாங்க. அங்க அந்த காலத்துல ஏழை பணக்காரன்னு வித்தியாசம் இல்லாம எல்லா வீட்லயும் தாய்ப்பால் குடுத்தாங்க, அதனால வசதி குழப்பம் குறைவு. ஒரு வருஷத்துக்கு மேல குடிச்சவங்க ஒரு மாசத்துக்கும் குறைவா குடிச்சவங்கள விட 3.76 பாயிண்ட் மேல. ஆனா அம்மாக்களோட ஐக்யூவ அங்க அளக்கல, ஸ்காட்லாந்து குழு காட்டின ஓட்டை அங்க அடைபடாம இருக்கு. பெலாரஸ்லயும் ஒப்பிட்டது நிறைய நாள் குடிச்சவங்களையும் குறைய நாள் குடிச்சவங்களையும் தான், பாலே குடிக்காதவங்கள இல்ல. குறைமாச குழந்தைங்களும் அதுல கிடையாது. அதனால என் பார்வை இதுதான்: ஏதாவது பலன் இருந்தா அது சின்னது, நிறைமாச குழந்தை விஷயத்துல ஒரு பிள்ளை மந்தமா ஆகிடும்னு சொல்ற அளவுக்கு எந்த ஆதாரமும் இல்ல. குறைமாச குழந்தைக்கு தாய்ப்பால் வேற ஒரு காரணத்துக்காக ரொம்ப முக்கியம், குடல் அழுகிப்போற ஒரு கொடிய நோய் வர்ற வாய்ப்ப அது குறைக்குது, அதனால தான் டாக்டருங்க அவ்ளோ வற்புறுத்துறாங்க.

அக்கா இப்போ ரெண்டாவது தடவ உண்டாயிருக்கா, ஏழாவது மாசம். இந்த ஸ்கிரிப்ட முதல்ல அவகிட்ட தான் படிச்சு காட்டினேன். ஐக்யூ நம்பர் எதையும் அவ திரும்ப கேக்கல. "அந்த வயித்துப்போக்கு கணக்கு எவ்ளோன்னு சொன்ன?"ன்னு கேட்டா. 13.2, 9.1ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, இந்த தடவ பிரசவத்துக்கு போற ஆஸ்பத்திரில பிறந்ததும் பிள்ளைய பக்கத்துலயே படுக்க வைப்பாங்களா, பால் கட்டினா வந்து சொல்லிக்குடுக்க நர்ஸ் இருக்காங்களான்னு அடுத்த செக்கப்ல கேக்கணும்னு ஃபைலோட அட்டையில எழுதி வச்சா.