அந்த 15 மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

விமானி ஆக ஆசைப்படும் பிள்ளையோடு பயிற்சிப் பள்ளிக்குப் போகும் பெற்றோர் பலரும், "இங்கே ட்வின் எஞ்சின் விமானம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். ட்வின் என்றால் இரண்டு எஞ்சின் கொண்டது. நல்ல கேள்விதான். இருக்கிற விமானம் பறக்கிற நிலையில் இருக்கிறதா, பயிற்சியின் எந்தக் கட்டத்தில் கைக்கு வரும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ விதிப்படி, 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்துக்கு முழுப் பொறுப்பேற்று, பிஐசியாக. பெரும்பாலான பள்ளிகள் மாணவரை ட்வினில் தனியாக அனுப்புவதில்லை. அதனால் அந்த 100 மணி நேரம் ஒற்றை எஞ்சின் விமானமான சிங்கிளில்தான் சேரும். 185 மணி சிங்கிள், 15 மணி ட்வின் என்ற வழக்கமான பிரிப்பு இப்படித்தான் வந்தது. செலவும் ஒரு காரணம். சிங்கிளான செஸ்னா 172 மணிக்குச் சுமார் 35 லிட்டர் ஏவ்கேஸ், அதாவது விமானப் பெட்ரோல், எடுக்கும்; ட்வினான பைப்பர் செமினோல் அதைப்போல் இரண்டு மடங்கு எடுக்கும். முழுப் பயிற்சியையும் ட்வினில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் கூடுதல் பணத்துக்குக் கூடுதல் திறமை கிடைப்பதில்லை என்பதே என் கருத்து.

சிங்கிளில் எஞ்சின் நின்றால் செய்ய வேண்டியது தெளிவானது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும்; செஸ்னா 172எஸ்ஸில் அது 68 நாட். டேக்ஆஃப் ஆன உடனே நின்றால் எதிரே தெரியும் நிலத்தில் இறங்க வேண்டும். ஓடுபாதைக்குத் திரும்பப் பார்ப்பவர்கள்தான் திருப்பத்தில் வேகம் இழந்து விழுகிறார்கள்.

ட்வினில் ஒரு எஞ்சின் நின்றால் விமானம் பறந்துகொண்டுதான் இருக்கும். ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது. பாதி சக்தி போனால் ஏறும் திறனும் பாதி போகும் என்று நினைப்பது தவறு. 80 சதவீதத்துக்கு மேல் போய்விடும். கடல் மட்டத்தில், மிதமான வெப்பத்தில்கூட ஒற்றை எஞ்சினில் செமினோல் நிமிடத்துக்குச் சுமார் 200 அடிதான் ஏறும். சித்திரை வெயிலில் அதுவும் குறையும்.

வேகமானியில் இரண்டு கோடுகளைப் பாருங்கள். செமினோலில் சிவப்புக் கோடு 56 நாட், நீலக்கோடு 88. ஒரு பக்கம் மட்டும் இழுக்கும்போது மூக்கை நேராகப் பிடித்து வைப்பது வாலில் உள்ள ரட்டர். வேகம் குறையக் குறைய அதன்மேல் பாயும் காற்றின் பலமும் குறையும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே, ரட்டரை முழுக்க மிதித்தாலும் போதாது. விமானம் செத்த எஞ்சின் பக்கம் திரும்பி உருண்டுவிடும். நீலக்கோடு, ஒற்றை எஞ்சினில் மிக நன்றாக ஏறும் வேகம். கண் அதைவிட்டு அகலக் கூடாது.

ஒரு எஞ்சின் நின்றால் செய்ய வேண்டிய வரிசை இது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் உள்ள மூன்று நெம்புகோல்கள் (எரிபொருள் கலவைக்கு மிக்ஸ்சர், ப்ரொபெல்லர், சக்திக்குத் த்ராட்டில்) எல்லாம் முன்னே. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃப்ளாப் மேலே, சக்கரம் மேலே. நேராகப் பறக்க எந்தக் கால் மிதிக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின் உயிரோடு இருக்கிறது. சும்மா இருக்கும் காலின் பக்கம்தான் செத்தது. அந்தப் பக்கத் த்ராட்டிலை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சத்தமும் திசையும் மாறாவிட்டால் கணிப்பு சரி. பிறகுதான் ஃபெதர், அதாவது ப்ரொபெல்லர் இறகுகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்புவது. செமினோலில் சுழற்சி 950 ஆர்பிஎம்முக்குக் கீழே போய்விட்டால் ஃபெதர் ஆகாது. ஆகவே தாமதிக்கவும் கூடாது, பதறவும் கூடாது. அவசரத்தில் உயிருள்ள எஞ்சினை அணைப்பதுதான் இதில் நடக்கும் மிகக் கொடிய தவறு.

இன்னொரு ட்வினான டயமண்ட் டிஏ42 கொஞ்சம் வேறு மாதிரி. ஆறு நெம்புகோல்களுக்குப் பதில் இரண்டே இரண்டு. மிக்ஸ்சரையும் ப்ரொபெல்லரையும் கணினி பார்த்துக்கொள்ளும். எஞ்சின் மாஸ்டர் என்ற சுவிட்சை அணைத்தாலே ஃபெதர் ஆகும். ஜெட் ஏ1 எரிபொருளில் ஓடுவதால் ஏவ்கேஸ் தட்டுப்பாடும் இல்லை. ஏர்லைனுக்குப் போகிறவருக்கு இது நல்ல பழக்கம். ஆனாலும் எந்த மாஸ்டரை அணைக்கிறோம் என்று விரலை வைத்து ஒரு கணம் நிற்கும் ஒழுக்கம் இங்கேயும் வேண்டும்.

கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ட்வினில் எடுத்துவிடுங்கள். ஏர்லைன்கள் கேட்பது அதைத்தான். 185 மணி முடித்துவிட்டு, பழுதாகி நிற்கும் ட்வினுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் மாணவர்கள் உண்டு. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது, கடைசி ஆறு மாதத்துக்குள் 15 மணி நேரம் பிஐசியாகப் பறந்திருக்க வேண்டும் என்பதும் விதி. காத்திருந்தே அந்தக் காலம் கழிந்தால், மறுபடி காசு கட்டிப் பறக்க வேண்டியிருக்கும். அதனால் பணம் கட்டும் முன்னரே, அந்த ட்வின் கடந்த மூன்று மாதத்தில் எத்தனை மணி நேரம் பறந்தது என்ற பதிவைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

வணக்கம்.