காலை எடுக்கணும் என்றார்களா? முதலில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்!

82 வயதுப் பாட்டி. பாதம் கறுத்துவிட்டது. காலை எடுத்தே ஆகவேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். பாட்டி முடியவே முடியாது என்கிறார்.

[திரையில்: போர்ட்லண்ட், அமெரிக்கா. 1964 ஜனவரி 16]

சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே டாக்டர், தொடையில் சின்னத் துளை போட்டு, அடைத்த ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய்களை விட்டு வழியை விரித்தார். கால் பிழைத்தது! படம் பார்த்துச் சொல்வதோடு நின்றிருந்த துறை, தானே வைத்தியத்தில் இறங்கியது அப்படித்தான். இந்த மனிதர் கிடார் கம்பியில் எல்லாம் கருவி செய்து பார்த்தவர். பட்டப்பெயர் ‘கிறுக்குச் சார்லி’. எனக்கு ரொம்பப் பிடித்த கிறுக்கு.

வணக்கம் மக்களே! இன்றைக்கு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி, அதாவது எக்ஸ்ரே போன்ற படத்தைப் பார்த்தபடியே உடம்புக்குள் மெல்லிய கருவிகளை விட்டு வைத்தியம் செய்யும் துறை. ஊசி வழியாகக் கம்பி, கம்பி மேல் குழாய் என்ற முறையை 1953-இல் சொன்னவர் ஸ்வீடனின் செல்டிங்கர். வரலாறு போதும்.

[திரையில்: கல்லணை, மேலிருந்து]

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று பிரிகிறதா? அப்புறம் கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால். மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்தாலும், நடுவில் ஒரு வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடை காயத்தான் செய்யும். உடம்புக்குக் கடைமடை கால் விரல். அடைப்பு தொடையில் இருக்கும், கறுப்பது விரல். காய்ந்த வயலில் எத்தனை மூட்டை உரம் போட்டு என்ன பயன்? ஆறாத புண்ணுக்கு மாதக்கணக்கில் கட்டு மட்டும் மாற்றுவதும் அதே கதைதான்.

சரி, உள்ளே போனால் வழி எப்படித் தெரியும்? குழாய் வழியாக அயோடின் மருந்தைச் செலுத்தினால், எந்தக் கிளை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று எக்ஸ்ரே திரையில் அப்படியே தெரியும். அதைப் பார்த்தபடியே கம்பியைத் திருப்பித் திருப்பி அடைப்பைத் தாண்டி, குழாய் நுனியில் உள்ள குட்டி பலூனை ஊதி வழியை விரிக்கிறார்கள். இதே வழியில் போய் மதகை மூடவும் செய்யலாம். கர்ப்பப்பை நார்க்கட்டிக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தினால் கட்டி சுருங்கும். நம்ம ஊரில் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் பார்க்கிற வேலைதான், கூடுதலாக எக்ஸ்ரே கதிரைத் தடுக்க ஓர் ஈய அங்கி!

குழாயின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். பெரும்பாலும் துளை போடும் இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அயோடின் மருந்து ஏறும்போது உடம்பு திடீரென்று சூடாகும், சிலருக்கு ஒன்றுக்குப் போய்விட்டது போலவே இருக்கும். போயிருக்க மாட்டீர்கள், பயப்படாதீர்கள்.

எல்லா அடைப்பும் திறக்காது. திறந்த குழாயும் மறுபடி அடைத்துக்கொள்ளலாம், பீடியை விடாதவருக்கு இன்னும் சீக்கிரம்.

அந்தக் கேள்வி இதுதான்: “டாக்டர், காலுக்கு ரத்தம் போகிறதா என்று டாப்ளர் ஸ்கேன் பார்த்தாச்சா?” சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மரத்திருந்தால் வலியே தெரியாமல் போகலாம், அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சலோடு சீழ் பரவினால் மட்டும் கேள்வி கேட்டு நேரம் கடத்தாமல் உடனே அட்மிட் ஆகுங்கள். போகும்போது கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அயோடின் மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை, இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள்.