நிறத்தைப் பார்க்காதீர்கள், ரேகையைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. 'குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பு' என்று ஆளைத் திட்டுவோம். எனக்கென்னவோ அந்தக் காம்பின்மேல் அப்படியொரு பிரியம். அதுவும் ஹிக்கரி மரத்தில் செதுக்கிய காம்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹிக்கரி, வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வளர்கிற மரம். வால்நட்டுக்குச் சொந்தம், பீக்கான் மரம் இதற்குக் கூடப்பிறந்தது மாதிரி. ஓக்கைவிடக் கனம், ஓக்கைவிடக் கடினம். ஆனால் கடினம் என்று பார்த்தால் கண்ணாடிகூடத்தான் கடினம்! ஹிக்கரி அடி வாங்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுத்து, பழையபடி நிமிர்ந்துகொள்ளும். இரும்புக் குழாய் பிடி போட்ட சுத்தியலால் பத்து அடி அடித்துப் பாருங்கள், மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். ஹிக்கரிப் பிடி அந்த அதிர்ச்சியில் நிறையத் தானே வாங்கிக்கொள்ளும்.

இளவயதில் நான் ஏமாந்த கதை இது. கடையில் இரண்டு காம்பு இருந்தன. ஒன்று பால்போல வெள்ளை. இன்னொன்றில் செம்பழுப்புப் பட்டை. வெள்ளைதான் சுத்தம் என்று எடுத்து வந்தேன். இரண்டே நாளில் நடுவில் சரிந்து பிளந்தது! தேக்கில் நாம் வெளிற்றை, அதாவது வெளிப்புறத்து வெளுத்த மரத்தைக் கழித்துவிட்டு, வைரத்தை, அதாவது நடுவில் இருக்கும் கருத்த மரத்தை எடுப்போம். ஹிக்கரியில் தலைகீழாக, வெளிறுதான் உசத்தி என்று ஒரு நம்பிக்கை. அமெரிக்க வனத்துறை ஆய்வுக்கூடம் சோதித்துப் பார்த்தது; எடை சமமென்றால் வெளிறும் வைரமும் பலத்தில் சமம்தான். என் காம்பு பிளந்ததற்குக் காரணம் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் வரி. தலையிலிருந்து அடிவரை ரேகை நேராக ஓட வேண்டும். பாதியில் சரிந்து ஓரத்தில் வெளியேறினால், அங்கேதான் முறியும். திரும்பவும் சொல்கிறேன்: நிறத்தைப் பார்க்காதீர்கள், ரேகையைப் பாருங்கள். இன்னொன்று, மரம் வருடாவருடம் போடும் வளையம் நெருக்கமாக இருந்தால் பலம் என்பார்கள். ஹிக்கரியில் மிக நெருக்கமான வளையம் என்றால் எடையும் குறையும், பலமும் குறையும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. ஈரமண்ணில் நட்டால் சீக்கிரம் மக்கும். காயும்போது ரொம்பச் சுருங்கும். வெளிற்றில் பூச்சி புகுந்தால் மாவாக்கிவிடும்.

கால்ஃப் மட்டைகளுக்கும் முன்பு ஹிக்கரித் தண்டுதான். பாபி ஜோன்ஸ் 1930-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களை வென்றது அதை வைத்துத்தான். மறு வருடமே பில்லி பர்க் எஃகுத் தண்டோடு வந்து அமெரிக்க ஓப்பனை வென்றார். ஹிக்கரியின் காலம் அங்கே முடிந்தது.

டிரம் குச்சி, ஹிக்கரிப் புகையில் வாட்டும் இறைச்சி, இதெல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை அசைகிறது. டிரம் குச்சிக்கு இன்றும் பெரும்பாலும் ஹிக்கரிதான், அது மட்டும் சொல்லிவிடுகிறேன். வணக்கம்.